உலகம்மாள் எழுதியபடி பெய்த மழை

ஆத்தங்கழியில் மழை உலகம்மாளின் எழுத்துக்குக் கட்டுப்படத் தொடங்கியது ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமையில், வானிலை அதிகாரி திருவேங்கடம் தன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று மூன்று வார விடுப்பில் போயிருந்தபோது. அந்த நோக்குநிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மறுநாளைய வானிலையைக் கணித்து எழுதுவது உலகம்மாள், அதன் அடியில் கையெழுத்துப் போடுவது அதிகாரி என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. எழுதுவதற்குப் பௌதிகத்தில் முதுகலையும் பத்தொன்பது ஆண்டு அனுபவமும் வேண்டியிருந்தன, கையெழுத்துக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது, ஆனாலும் அறிக்கை பலித்தால் பேனாவைப் பாராட்டினார்கள், பலிக்காவிட்டால் எழுதியவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். அன்றைக்குப் பேனாக்காரர் ஊரில் இல்லாததால் "அதிகாரிக்காக" என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரைத் தானே போட்டு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அறிக்கையை அனுப்பிவிட்டு உலகம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

மறுநாள் பிற்பகல் மழை பெய்தது. லேசான தூறல்தான் வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள், ஆனால் வந்தது கொட்டு மழை. மூடாமல் கிடந்த உப்புக் குவியல்கள் கரைந்து வெள்ளை ஓடையாகக் கழியில் இறங்க, உப்பளத்துக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், மேற்கே கரிசல் காட்டு விவசாயிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விதை மூட்டையைப் பிரித்தார்கள். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து அளந்து பார்த்த நிலைய ஊழியை ஜைத்தூன் வந்து, "சரியா முப்பத்திரண்டு மில்லிமீட்டர் மேடம், நீங்க எழுதினதே எழுதினது" என்றாள்.

உலகம்மாள் தன் கணக்குத்தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் 3.2 என்று இருந்தது. அனுப்பிய அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தாள். பசியிலும் அவசரத்திலும் புள்ளி விட்டுப்போய், 32 என்று இருந்தது.

ஊரே அவள் சரியாகச் சொன்னாள் என்று பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தான் தப்பாகச் சொன்னது உலகம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் செய்த பிழையை வானம் தன் செலவில் மெய்யாக்கிக் கொடுத்திருந்தது. அது அவளுக்குப் பெருமையாக இல்லை; பரீட்சையில் தப்பாக எழுதிய விடைக்கு வாத்தியார் மனமிரங்கி விடையையே மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

உலகம்மாள் மேற்கே மானாவாரிப் பருத்தி விளையும் ஊர்க்காரி. கல்லூரியில் தங்கப்பதக்கம் வாங்கியவள்; வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, "கல்யாணமான பிள்ளை அத்தனை தூரம் போய் என்னத்த ஆராயப் போகுது" என்று மாமனார் கேட்ட ஒரு கேள்வியில் அந்த இடம் காலாவதியாகி, நாலு வருஷம் டுட்டோரியலில் பாடம் எடுத்து, பிறகு தற்காலிக உதவியாளராக இங்கே வந்து சேர்ந்து, பதினோராம் ஆண்டில் நிரந்தரமானவள். ஆராய்ச்சிக்குப் போக முடியாவிட்டால் என்ன, ஆராய்ச்சி நடக்காமலா போய்விடும் என்று அவள் தன்பாட்டுக்கு ஒன்றைச் செய்துவந்தாள். உப்பளத்தின் வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அடிக்கிறது, கரிசல் மண் வெயிலைக் குடிக்கிறது, இரண்டும் சந்திக்கிற கோட்டில்தான் இந்த ஊர் மேகம் கட்டுகிறது என்பது அவள் கண்டது. அதைத் திருவேங்கடம் ஒரு மாநாட்டில் தன் பெயரில் படித்துவிட்டு வந்து, அங்கே தனக்குக் கொடுத்த துணிப்பையை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். உலகம்மாள் அந்தப் பையில் வெங்காயம் வாங்கினாள்.

ஆனால் அவள் உயிராக மதித்தது வேறொன்று. அவளுடைய கணிப்பு பலிக்காத ஒவ்வொரு நாளையும், எத்தனை மில்லிமீட்டர் பிழை, ஏன் பிழைத்தது என்று தடித்த நோட்டுகளில் எழுதிவைத்திருந்தாள். பத்தொன்பது ஆண்டில் ஆயிரத்து நூற்று நாற்பது பிழைகள், ஏழு நோட்டுகள். தன் தப்பைத் தானே எழுதிவைக்கிற பழக்கம் அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்பதால் அந்த நோட்டுகளை யாரும் திருடவில்லை.

புதன் போய், வியாழன் போய், ஒரு வாரம் போயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் எழுதிய அளவே பெய்தது, எழுதிய நேரத்துக்கே நின்றது. ஜைத்தூன்தான் முதலில் சொன்னாள். அவள் அந்த நோக்குநிலையத்தில் மேல்காற்றை அளக்கத் தினமும் பலூன் விடுகிறவள்; ஐ.டி.ஐ.யில் நாற்பது பேர் படித்த ஃபிட்டர் வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்து, தையல் மிஷின் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து, கம்பெனி மூடியபின் செல்போன் கடை போட்டு, அதையும் மைத்துனனிடம் பறிகொடுத்து, நாற்பது வயதில் ஒப்பந்த ஊழியராக வந்தவள். பதினெட்டு கிலோமீட்டர் உயரத்துக் காற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூடத் திருவேங்கடத்துக்குத் தெரியாது. அடையாள அட்டையில் மட்டும் அவள் "உதவி ஆள்".

"மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றாள் ஜைத்தூன். "மேல காத்துல ஈரமே இல்ல. நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல. மழை பெய்யுததுக்கு ஒரு நியாயமும் இல்ல. ஆனா பெய்யுது."

"எனக்கும் தெரியும்" என்றாள் உலகம்மாள். "வா, ஒண்ணு செஞ்சு பாப்போம்."

இரண்டு பேருமாக ஒரு சோதனை செய்தார்கள். இந்த விஷயத்தில் யாரும் செய்த சோதனை அது ஒன்றுதான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மேகமே இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, "நாளை மாலை நாலு பத்திலிருந்து நாலு இருபது வரை, அலுவலகத்தின் பின்புறக் காலிமனையில் மட்டும், 7.7 மில்லிமீட்டர்" என்று எழுதி உலகம்மாள் கையெழுத்திட்டாள். மறுநாள் நாலு பத்துக்கு, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, காலிமனையில் மட்டும் ஒரு பத்தி மழை இறங்கியது. அங்கே மேய்ந்த ஆடு ஒன்று முன்பாதி நனைந்தும் பின்பாதி காய்ந்தும் நின்றது. நாலு இருபதுக்குக் குழாயை மூடினாற்போல மழை நின்றது. ஜைத்தூன் அளந்தாள். ஏழு புள்ளி ஏழு.

"அவ்வளவுதான்" என்று உலகம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "என் படிப்பு போச்சு ஜைத்தூன். சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுத வானத்துக்கிட்ட இனி நான் என்னத்தக் கத்துக்கிட?"

ஜைத்தூன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு இந்தச் செய்தி ஒரே நாளில் தெரிந்து, இரண்டாம் நாளில் பழகிப்போயிற்று. ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எப்போது என்று மட்டும் கேட்டார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்த நாள் பட்டியலோடு வந்தார், செங்கல் சூளைக்காரர் வந்தார், அப்பளம் காயவைக்கிற பெண்கள் குழுவாக வந்தார்கள், கட்சிக்காரர் பொதுக்கூட்டத்துக்கு வந்தார், எதிர்க்கட்சிக்காரர் அதே பொதுக்கூட்டத்தை நனைக்கச் சொல்லி வந்தார். அரசு பஸ் கண்டக்டரான அவள் புருஷன் சுடலைமுத்து, பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிராதவர், சாப்பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை அக்கா மக சடங்கு, காஞ்ச நாளா எழுதிரு" என்றார். எல்லோரும் வணக்கத்தோடு வந்தார்கள், எல்லோரும் பழத்தட்டோடு வந்தார்கள், ஒருத்தர்கூட அவளிடம் நீ எப்படிக் கணக்குப் போடுவாய் என்று கேட்கவில்லை, ஏனென்றால் அவள் கணக்குப் போட்டு வாழ்ந்த பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் கவனித்ததே இல்லை, கணக்குக்கு வேலையில்லாமல் போன பிறகுதான் அவள் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தாள்.

விடுப்பு முடிந்து வந்த திருவேங்கடம் முதல் காரியமாக அறிக்கையில் தானே கையெழுத்திட்டார். வானம் அவரைச் சட்டை செய்யவில்லை. ஐப்பசி பிறந்து மூன்று வாரம் அவர் மழை மழையென்று கையெழுத்திட, மூன்று வாரமும் ஆத்தங்கழிக்கு மேலே நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து வட்டங்களில் வெள்ளம் ஓட, விவசாயிகள் மண்வெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அதன்பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "வரைவு" என்ற இடத்தில் உலகம்மாள் கையெழுத்திட வேண்டும், "ஒப்புதல்" என்ற இடத்தில் அவர். மழை மறுபடி வந்தது. அன்றைக்கு மாலை அவர் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்து, "டீம் வொர்க்" என்றார்.

உப்புக்காரர்களும் விவசாயிகளும் தினம் ஒரு சண்டையோடு வந்ததால், உலகம்மாள் ஒரு முறை வகுத்தாள்: கரிசலுக்கு வாரம் இரண்டு முறை, உப்பளத்தின் எல்லைக்கு நூறு அடி முன்னாலேயே மழை நிற்க வேண்டும். அப்படியே நின்றது. அந்தக் கோட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். ஒரு கால் மழையிலும் ஒரு கால் வெயிலிலுமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உலகம்மாளோ அந்தக் கோட்டில்தான் மேகம் கட்டுகிறது என்று நிரூபிக்க இனி ஒரு வழியும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் எழுத இல்லாத எட்டாவது நோட்டை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் தலைமையகத்திலிருந்து மூன்று விஞ்ஞானிகள் கொண்ட குழு வந்தது. மூன்று பேரும் முனைவர்கள், மூன்று பேரும் ஆண்கள், மூன்று பேருக்கும் இளநீர் வாங்கிவரச் சொல்லி ஜைத்தூனை அனுப்பினார் திருவேங்கடம். உலகம்மாள் அவர்கள் வருகைக்கென்று ஒரு வாரமாக வரைபடங்கள் தயாரித்து, நூற்றுப்பத்து நாள் அளவீடுகளை அட்டவணை போட்டு, காலிமனைச் சோதனையைத் திரும்பச் செய்துகாட்ட நேரம் குறித்து வைத்திருந்தாள். குழுவின் தலைவர் அட்டவணையை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, "விரதம் ஏதும் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"கனவுல ஏதாவது தெய்வம் வந்துச்சா?"

"வரலை சார். நீங்க ரீடிங்கைப் பாக்கலையே."

"பாக்கலாம், பாக்கலாம். மாதவிடாய் நின்னுடுச்சா?"

உலகம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இயற்கை விதி ஒன்று அவர் கண்ணெதிரே உடைந்து கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்க்க அவருக்கு இடுப்பு வளையவில்லை. "சார்" என்றாள், "நாலு மணிக்கு நான் இதே இடத்துல மழை பெய்ய வச்சுக் காட்டுதேன். நீங்க எந்த அளவு சொல்லுதீங்களோ அந்த அளவு. உங்க கருவியாலேயே அளந்துக்கிடுங்க."

"மூணரைக்கு டிரெயின்மா" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் மட்டும் கிளம்பும்போது தயங்கி நின்றார். உலகம்மாளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, தன் மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்டார். நாற்பது பக்க அறிக்கை வந்தபோது அதில், நிகழ்வு நம்பிக்கை சார்ந்தது, விஞ்ஞான வரம்புக்கு அப்பாற்பட்டது என்றும், நிலையத்தின் துல்லியம் அதிகாரி திருவேங்கடத்தின் திறமையான நிர்வாகத்தால் கிடைத்தது என்றும் இருந்தது. மழைமானி என்ற சொல் அந்த நாற்பது பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

மகளிர் தினத்தன்று மாவட்டத் தலைநகரில் உலகம்மாளுக்குச் சால்வை போர்த்தி, குடும்பத்தையும் பணியையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பேசச் சொன்னார்கள். அவள் கடற்காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மூன்றாவது நிமிஷத்தில் கோலப்போட்டிப் பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பங்குனியில் திருவேங்கடம் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலிக்கு வரிசையில் முதல் ஆள் உலகம்மாள். நேர்முகத்துக்கு அழைத்தார்கள், போனாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் ஐந்து பேரும் எழுந்து கும்பிட்டார்கள். அதைப் பார்த்ததுமே வேலை கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"உங்களை நாங்க என்னத்த கேக்குறது" என்றார் நடுவில் இருந்தவர். "நீங்க சாமி மாதிரி."

"சாமி இல்ல சார். எம்.எஸ்ஸி. பௌதிகம். பத்தொன்பது வருஷ அனுபவம். கேள்வி கேளுங்க."

"அதுதான் சிக்கலே. சாமிக்குக் கீழ ஊழியர்கள் எப்படி வேலை பாப்பாங்க? நாளைக்கு உங்களுக்கு ஒரு மெமோ குடுக்கணும்னா யார் குடுக்குறது?"

"அப்ப ஒரு விளக்கம் சொல்லுங்க. சாமி வரைவு எழுதலாமா?"

"எழுதலாமே" என்றார் அவர் மகிழ்ச்சியோடு. "சீட்ல யார் உக்காந்தா என்னம்மா, மழை உங்க கையிலதானே?"

முப்பத்தோரு வயதில் ஒருவரை அனுப்பினார்கள். காற்றழுத்த வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. வந்த முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் உலகம்மாள் காலைத் தொட்டுக் கும்பிட்டார், எழுந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வரைவு பதினொரு மணிக்கெல்லாம் என் டேபிளுக்கு வந்துடணும்" என்றார்.

சித்திரையில் அலுவலக வளாகத்தின் கிழக்கு மூலையில் கோவில் எழும்பியது. உப்பளச் சங்கத் தலைவர் தங்கப்பழமும் விவசாயச் சங்கமும் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றுகூடிக் கட்டினார்கள். அருள்மிகு மழையெழுத்து அம்மன். வலது கையில் பேனா, இடது கையில் குடை. சிலையைப் பார்க்க உலகம்மாளைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி அழைத்துப் போனார்கள். நாற்பத்தேழு வயது, கறுத்த மேனி, மூக்குக்கண்ணாடி போட்ட உலகம்மாள், இருபது வயதில் ரோஸ் பெயிண்ட் அடித்து இரண்டு பக்கமும் மூக்குத்தியோடு நின்ற அந்த அம்மனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கல்வெட்டில் புரவலர் என்று திருவேங்கடம் பெயர் இருந்தது, தங்கப்பழம் பெயர் இருந்தது, புது அதிகாரி பெயர் இருந்தது, சிமெண்டு கொடுத்த கடையின் பெயர்கூட இருந்தது. உலகம்மாள் என்ற பெயர் மட்டும் எங்கும் இல்லை.

"கண்ணாடி ஏன் போடல?" என்று கேட்டாள்.

"சாமிக்குக் கண்ணு தெரியாதுன்னு ஆயிரும்லா" என்றார் தங்கப்பழம்.

"நாற்காலி ஒண்ணு கேட்டேன். அதைக் குடுக்க முடியல உங்களுக்கு. கோவில் குடுக்க முடியுது."

"நாற்காலிக்கு ஆயிரம் பேரு வருவான் தாயி" என்றார் அவர், மெய்யாகவே அன்போடு. "கோவில் யாருக்குக் கிடைக்கும்?"

அன்று மத்தியானமே உலகம்மாள் அமலோற்பவத்துக்குப் போன் செய்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். உலகம்மாள் தங்கப்பதக்கம் வாங்கிய வருஷம் அமலோற்பவம் கணிதத்தில் இரண்டாம் முறையாகத் தோற்றாள். பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்து இரண்டு வருஷத்தில் வெளியே வந்து, வீடு வீடாகக் குக்கர் விற்று, முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்து, இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்ற கட்டத்தில் "குக்கர் விற்றேன்" என்று எழுதி, அதற்காகவே இரண்டு இடங்களில் துரத்தப்பட்டு, மூன்றாவது இடத்தில் சேர்ந்தவள். இப்போது மேற்குக் கடற்கரையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் கடலில் கருவிகளை மிதக்கவிட்டுக் காற்றை அளக்கிற குழுவுக்குத் தலைவி.

"என்னட்டி, சாமி ஆயிட்டியாமே" என்றாள் அமலோற்பவம்.

"ஆமாட்டி. வேற வேலை இருந்தா சொல்லு."

"மூணு வருஷ வேலை ஒண்ணு இருக்கு. பருவமழையைக் கணிக்கணும். ஆனா உனக்குன்னு சலுகையெல்லாம் கிடையாது, மத்தவங்க மாதிரி இண்டர்வியூ உண்டு."

"அது போதும்" என்றாள் உலகம்மாள்.

நேர்முகம் கணினித் திரையில் நடந்தது. நான்கு பேர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். யாரும் கும்பிடவில்லை, ஒருவர் அவள் சொன்ன சமன்பாட்டை மறுத்துச் சண்டையே போட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் ரத்தம் ஓடியது. கடைசியில் அவர்களில் வயதான பெண்மணி ஒருவர், உங்கள் கணிப்பு எத்தனை முறை தப்பியிருக்கிறது என்று கேட்டார்.

"போன புரட்டாசிக்கு முந்தி ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை" என்றாள் உலகம்மாள். "ஏன் தப்பிச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். அனுப்பட்டுமா?"

"புரட்டாசிக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒரு தடவைகூடத் தப்பல. அதனாலதான் இந்த வேலையைக் கேக்குதேன்."

நகலெடுத்து அனுப்பினாள், வேலை கிடைத்தது. ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று புது அதிகாரிக்கு வியர்த்து ஊற்றியது. சாமி ராஜினாமா செய்ய விதி இருக்கிறதா என்று தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார். விதி இல்லை என்று பதில் வந்தது, தடுக்கவும் விதி இல்லை என்று அதிலேயே இருந்தது. சுடலைமுத்து, "நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?" என்றார். "குக்கர் இருக்கு" என்றாள் உலகம்மாள். "அரிசி எங்க இருக்குன்னு ஜைத்தூன் வந்து காட்டுவா."

கடைசி நாள் ஊரே வளாகத்தில் கூடியது. பெண்கள் அழுதார்கள். தங்கப்பழமும் விவசாயச் சங்கத்துக்காரர்களும் ஒரு பெரிய புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்து அவள் மேஜையில் இறக்கினார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நாள் போட்டு, பத்து வருஷத்துக்கான மூவாயிரத்து அறுநூற்றைம்பத்துச் சொச்ச நாளும் அதில் இருந்தன. எந்த நாள் கரிசலுக்கு மழை, எந்த நாள் உப்புக்கு வெயில் என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பென்சிலில் குறித்திருந்தார்கள்.

"போகாதீயன்னு நாங்க சொல்லல தாயி" என்றார் தங்கப்பழம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்து வருஷத்துக்கு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பொறவு உங்க இஷ்டம்."

உலகம்மாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். நல்ல உழைப்பு. இந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்கை அவளுக்காக ஒரு மனு எழுதுவதில் செலவழித்திருந்தால் அவள் இன்று அதிகாரி. அவள் கோபம் ஆறிப்போய் வெகுநாளாயிற்று; அந்த இடத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது, அது கோபத்தைவிடக் குளிர்ந்தது. பேனாவை எடுத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. முதல் பக்கத்தில், கட்டங்களுக்குக் குறுக்கே, பெரிய எழுத்தில் எழுதினாள்:

"நாளை முதல் இவ்வூரில் மழை எவர் எழுதியபடியும் பெய்யாது."

அதற்குக் கீழே "வரைவு" என்று போடாமல், "அதிகாரிக்காக" என்றும் போடாமல், உலகம்மாள், எம்.எஸ்ஸி. என்று கையெழுத்திட்டாள். அவள் எழுதியது எல்லாம் பலித்ததுபோல அதுவும் பலித்தது.

ஆத்தங்கழியில் இப்போது மழை தன் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. வராதபோது அம்மன் கோபம் என்கிறார்கள், அதிகமாக வரும்போது அம்மன் கருணை என்கிறார்கள், சிலைக்குப் பாலாபிஷேகம் நடக்கிறது. புது அதிகாரி தினமும் ஒப்புதல் கையெழுத்திடுகிறார். வரைவை ஜைத்தூன் எழுதுகிறாள், உலகம்மாள் விட்டுச்சென்ற ஏழு நோட்டுகளின் உதவியோடு. பத்துக்கு ஏழு பலிக்கிறது. அவளை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அஞ்சல் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள், பலூனை விட்டுவிட்டு அது மறைகிறவரை பாடம் படிக்கிறாள்.

மேற்குக் கடற்கரையில் உலகம்மாள் தன் முதல் கணிப்பை ஆனியில் எழுதினாள். மூன்று நாள் மேகப்படங்களை உட்கார்ந்து பார்த்து, கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பிய அளவுகளைக் கூட்டிக் கழித்து, "நாளை மதியம் இரண்டு மணியளவில் பதினெட்டு மில்லிமீட்டர்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வானம் இங்கேயும் தலையாட்டிவிட்டால் போக வேறு இடம் கிடையாது.

மறுநாள் ஒன்றரைக்கே மொட்டைமாடிக்குப் போய் நின்றாள். குடையோடு அமலோற்பவமும் வந்தாள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்குக் கடலின் மேல் ஒரு மேகம் எழுந்து, இவர்கள் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், வடக்கே யாருக்கோ பெய்யப் போயிற்று. உலகம்மாளைச் சாமி என்று கேள்விப்பட்டிருந்த இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் கீழே முற்றத்தில் நின்று மேலே பார்த்து, ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

"தப்பிட்டே" என்றாள் அமலோற்பவம்.

"ஆமா" என்றாள் உலகம்மாள். "தெக்கத்திக் காத்தோட வேகத்தைக் குறைச்சுப் போட்டுட்டேன்னு நினைக்கேன். அளவு வேணும். உன் மிதவைகள்ல எது கரைக்குப் பக்கத்துல கிடக்கு?"

"நாலாவது. வா, எடுத்துத் தாறேன். அதுக்கு முந்தி சாப்பிடு, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

கேண்டீனில் சோறும் மீன் குழம்பும் மிச்சம் இருந்தன. புரட்டாசியிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு இறங்காமல் இருந்த உலகம்மாள், அன்று மூன்றே முக்கால் மணிக்கு, இரண்டாம் முறையும் சோறு வாங்கிப் போட்டுச் சாப்பிட்டாள்.